262-ஆவது ஆள்: கல்லூரி வீரர்கள் விஷயத்தில் என்.எஃப்.எல். ஸ்கவுட்டுகளின் கணக்கு ஏன் தப்புகிறது?

2021 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் என்னும் அமெரிக்க ஃபுட்பால் அணி ஒரு பெரிய பேரத்தை முடித்தது. கல்லூரி வீரர்களை எடுக்கும் வரிசையில் அந்த ஆண்டு அவர்களுக்குக் கிடைத்திருந்தது 12-ஆவது இடம். எப்படியாவது மூன்றாவது இடத்துக்குப் போய்விட வேண்டும் என்று, அந்த 12-ஆவது இடத்தையும், அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று வாய்ப்புகளையும், போதாக்குறைக்கு ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும் மயாமி டால்ஃபின்ஸிடம் தூக்கிக் கொடுத்தார்கள். அப்படி வாங்கிய இடத்தில் எடுத்த பையன் டிரே லான்ஸ். நார்த் டகோடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். ஃபார்ட்டிநைனர்ஸுக்காக ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து அவர் களமிறங்கியது மொத்தம் நான்கே முறை. 2023 ஆகஸ்டில், வெறும் ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்கு அவரை டாலஸ் அணிக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில், 2022 ஏப்ரலில், அதே அணி இன்னொரு குவாட்டர்பேக்கை எடுத்தது. அந்த ஆண்டு மொத்தம் 262 பேர் எடுக்கப்பட்டார்கள். இவர் 262-ஆவது ஆள். கடைசியாக வருபவருக்கு ‘மிஸ்டர் இர்ரெலவன்ட்’ என்று ஒரு கேலிப் பட்டமே உண்டு. ‘கணக்கில் வராதவர்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அயோவா ஸ்டேட்டிலிருந்து வந்த அந்த பிராக் பர்டிதான் 2024 பிப்ரவரியில் அணியை சூப்பர் பௌல் இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோனார். 2025-இல் அவருக்கு எழுதப்பட்ட ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு 26.5 கோடி டாலர்.

ஒரே அலுவலகம்தான் இரண்டையும் செய்தது. ஒருவருக்கு மூன்று முதல் சுற்று வாய்ப்புகளைக் கொட்டிக் கொடுத்தது. இன்னொருவரைக் கிட்டத்தட்ட எடுக்காமலே விட்டிருக்கும். அவர்கள் முட்டாள்களா என்றால், இல்லை. அப்படியானால் எங்கே தப்பியது?

முதலில் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஃபுட்பால் என்பது அமெரிக்க ஃபுட்பால். ஹெல்மெட் போட்டுக்கொண்டு, நீள்வட்டப் பந்தைக் கையால் எறிந்து ஆடுவது. என்.எஃப்.எல். என்னும் தொழில்முறைப் போட்டியில் 32 அணிகள். புது வீரர்கள் ஏறக்குறைய எல்லோருமே கல்லூரிகளிலிருந்து வருபவர்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில், அணிகள் வரிசையாக ஆள் எடுக்கும் டிராஃப்ட் நடக்கும், ஏழு சுற்று. நம் ஐ.பி.எல். ஏலம் போல இதில் பணத்தைக் காட்டி ஆளைத் தூக்க முடியாது. போன ஆண்டு மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்குச் சுற்றின் கடைசி. யாரை எடுப்பது என்று சொல்ல, ஆண்டு முழுக்க ஊர் ஊராகக் கல்லூரி மைதானங்களில் அலைபவர்கள்தான் ஸ்கவுட்டுகள். அணி முழுக்கப் பல வேலைகள் உண்டு என்றாலும், பந்தை வாங்கி, எதிரணியின் அமைப்பைப் படித்து, யாருக்கு எறிவது என்று முடிவெடுக்கும் குவாட்டர்பேக்தான் மூளை. அந்த ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பிழைகளும் அதிகம், செலவும் அதிகம்.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம்.

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி கடைசியில் இண்டியானாபோலிஸ் நகரத்தில் ‘கம்பைன்’ என்று ஒன்று நடக்கும். முந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரி வீரர்களை வரவழைத்து, உயரம், எடை, கைநீளம், உள்ளங்கை அகலம் எல்லாவற்றையும் அளப்பார்கள். கிட்டத்தட்ட மாட்டுச்சந்தை மாதிரிதான். பல்லைப் பிடித்துப் பார்ப்பது மட்டும்தான் பாக்கி. 102 கிலோ எடையை மல்லாந்து படுத்து எத்தனை தடவை தூக்குகிறான், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் குதிக்கிறான் என்றெல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் எல்லோரும் காத்திருக்கும் 40 கெஜ ஓட்டம். சுமார் 36 மீட்டர். தோள் கவசம் இல்லை, ஹெல்மெட் இல்லை, எதிரே ஆளில்லை. வீரன் ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிகிறான். நாலரை நொடி. அதில் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு கூடினாலோ குறைந்தாலோ கோடிக்கணக்கில் டாலர் இடம் மாறிவிடும்.

ஒரு குவாட்டர்பேக் ஆட்டத்தில் எத்தனை தடவை நேர்க்கோட்டில் 36 மீட்டர் ஓடுவார்? ஒரு சீசனுக்கு ஒன்றிரண்டு முறை இருந்தால் பெரிது. டாம் பிரேடி 2000-இல் அந்த ஓட்டத்தை 5.28 நொடியில் முடித்தார். அங்கே அது ஆமை வேகம். 199-ஆவது ஆளாக, ஆறாம் சுற்றில்தான் எடுக்கப்பட்டார். அவருக்கு முன்னால் ஆறு குவாட்டர்பேக்குகள் போய்விட்டார்கள். அப்புறம் அவர் ஏழு சூப்பர் பௌல் வென்றது எல்லோரும் அறிந்த கதை. அதிகம் பேசப்படாத பாதி ஒன்று உண்டு. அவரை எடுத்த நியூ இங்கிலாந்து அணியே, அந்த டிராஃப்டில் அவருக்கு முன்னால் வேறு ஆறு பேரை எடுத்திருந்தது. இவர் இப்படி வருவார் என்று தெரிந்திருந்தால் ஆறு முறை தாண்டிப் போயிருப்பார்களா?

எதிர்ப்பக்கத்தில் வெர்னன் கோல்ஸ்டன். ஒஹாயோ ஸ்டேட்டில் 2007 சீசனில் எதிரணி குவாட்டர்பேக்கை 14 முறை வீழ்த்தியவர். கம்பைனில் அந்த 102 கிலோவை 37 தடவை தூக்கிக் காட்டினார். செதுக்கி வைத்த சிலை போல உடம்பு. 2008-இல் ஆறாவது ஆளாக நியூ யார்க் ஜெட்ஸ் எடுத்தது. மூன்று சீசன் அங்கே இருந்தார். வீழ்த்திய குவாட்டர்பேக்குகளின் எண்ணிக்கை: பூஜ்யம். அந்த ஒரே வேலைக்காகத்தான் அவரை எடுத்திருந்தார்கள்.

கம்பைனைப் பற்றிப் பேசினால் மைக் மமுலாவை விட்டுவிட முடியாது. 1995-இல் பாஸ்டன் கல்லூரியிலிருந்து வந்தவர். அந்தச் சோதனைகளையே பாடமாக வைத்துக்கொண்டு பயிற்சி எடுத்தவர்களில் முன்னோடி. 50 கேள்விகளுக்கு 12 நிமிடத்தில் பதில் சொல்லும் ‘வொண்டர்லிக்’ என்ற அறிவுத்திறன் சோதனையில் 49 எடுத்தார் என்று அப்போதே பேச்சு. ஃபிலடெல்ஃபியா அணி 12-ஆவது இடத்திலிருந்து ஏழாவது இடத்துக்குத் தாவி அவரை எடுத்தது. இடம் மாற்றிக்கொண்ட டாம்பா பே அணி அதே 12-ஆவது இடத்தில் வாரன் சாப்பை எடுத்தது. சாப் அவ்வளவு தூரம் கீழே வந்ததற்கு வேறு வதந்திகளும் காரணம். ஆனால் 2013-இல் ஹால் ஆஃப் ஃபேம் என்னும் சாதனையாளர் பட்டியலுக்குப் போனவர் சாப்தான். மமுலா ஒன்றும் படுதோல்வி இல்லை, பாவம், சுமாரான ஆட்டக்காரர். பரீட்சைக்குப் படித்து மார்க் வாங்குவதற்கும் பாடம் புரிவதற்கும் நடுவே உள்ள தூரம் அவர் பெயரில் நின்றுவிட்டது. அந்த அறிவுத்திறன் சோதனையை 2022-இல் என்.எஃப்.எல். கைவிட்டது.

இதில் ஒரு சின்னப் புள்ளியியல் சூட்சுமம் இருக்கிறது. ஒரு கல்லூரி 95 சதவீதத்துக்கு மேல் எடுத்தவர்களை மட்டுமே சேர்க்கிறது என்று வையுங்கள். உள்ளே போன பிறகு, 96 எடுத்தவனைவிட 98 எடுத்தவன் நன்றாகப் படிப்பான் என்று சொல்ல முடியுமா? பெரும்பாலும் முடியாது. அதற்காக மதிப்பெண்ணுக்கும் படிப்புக்கும் சம்பந்தமில்லை என்று ஆகிவிடாது. 40 எடுத்தவன் வாசலிலேயே கழிந்துவிட்டான், அவ்வளவுதான். கம்பைனுக்கு வருகிறவர்கள் எல்லோருமே ஏற்கெனவே வேகமானவர்கள், ஏற்கெனவே பலசாலிகள். வேகம் என்கிற வடிகட்டி அதன் வேலையை எப்போதோ முடித்துவிட்டது. மிச்சமிருப்பவர்களைப் பிரித்துக் காட்டுவது வேறு ஏதோ ஒன்று. ஆனால் ஸ்டாப்வாட்ச் கையில் இருக்கிறதே! 2017-இல், எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவரான ஜான் ராஸ் 40 கெஜத்தை 4.22 நொடியில் ஓடி அன்றைய சாதனையை முறியடித்தார். சின்சினாட்டி ஒன்பதாவது ஆளாக எடுத்தது. முதல் சீசனில் அவர் பிடித்த பந்து ஒன்றுகூட இல்லை. அவருக்கு அடுத்து, பத்தாவது ஆளாகப் போனவர் பேட்ரிக் மஹோம்ஸ், பின்னாளில் சூப்பர் பௌல்களை வென்ற குவாட்டர்பேக்.

‘இவங்கதான் வீடியோவும் பார்க்கிறாங்களே, ஸ்டாப்வாட்சை மட்டுமா நம்புறாங்க?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பார்க்கிறார்கள், ஒவ்வொரு வீரனுக்கும் மணிக்கணக்கில் பார்க்கிறார்கள். ஆனால் அந்த வீடியோவில் ஓடுவது வேறோர் ஆட்டம்.

மைதானத்தின் அகலம் இரண்டிலும் ஒன்றுதான், 160 அடி. நடுவில் ‘ஹாஷ்’ என்று இரண்டு வரிசைக் கோடுகள் இருக்கும். ஓரத்தில் பந்து நின்றுபோனால், அடுத்த நகர்வுக்குப் பந்தை அந்தப் பக்கத்துக் கோட்டின் மேல் கொண்டுவந்து வைப்பார்கள். கல்லூரியில் இந்த இரண்டு வரிசைக்கும் இடைவெளி 40 அடி, என்.எஃப்.எல்.-இல் பதினெட்டரை அடி. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்லூரியில் பந்து கோட்டின் மேல் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. அந்த 100 அடிக்குள் வேகமான ஒரு பையனை ஓடவிட்டால் போதும், எதிரணி கிழிந்துவிடும். என்.எஃப்.எல்.-இல் அதே கோட்டில் 71-க்கு 89. எந்தப் பக்கமும் காலி மைதானம் கிடையாது. இதற்கு மேல், கல்லூரியில் எதிரே நிற்கும் பதினொரு பேரில் பலர் படிப்பை முடித்துவிட்டு வங்கிக்கோ மருந்துக் கம்பெனிக்கோ வேலைக்குப் போகப்போகிறவர்கள். பந்தைப் பிடிக்க ஓடுபவன் தன்னைக் காவல் காப்பவனை மூன்று கெஜம் பின்னால் விட்டுவிடுவான். குவாட்டர்பேக் அவன் காலியாக நிற்பதைப் பார்த்துவிட்டு எறியலாம். என்.எஃப்.எல்.-இல் யாரும் காலியாக நிற்பதில்லை. இன்னும் அரை நொடியில் அங்கே ஒரு முழ இடம் கிடைக்கும் என்று ஊகித்து, அந்த ஆள் திரும்புவதற்கு முன்பே பந்தை அனுப்ப வேண்டும். இந்த ஊகம் ஒருவனிடம் இருக்கிறதா இல்லையா என்பது கல்லூரி வீடியோவில் தெரியாது. அங்கே அது தேவைப்படுவதே அபூர்வம்.

இதற்குத் தலைகீழான தவறும் நடக்கும். மஹோம்ஸ் ஆடிய டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் எப்போதும் எறிதல்தான். அங்கிருந்து வந்த குவாட்டர்பேக்குகள் கல்லூரியில் எண்களை அள்ளுவார்கள், என்.எஃப்.எல்.-இல் காணாமல் போவார்கள். ‘அந்த ஆட்டமுறை செய்த வேலை’ என்று ஸ்கவுட்டுகள் கற்றிருந்தார்கள். சரியான பாடம்தான். அந்தப் பாடத்தால்தான் மஹோம்ஸையும் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

இனி நான் முக்கியம் என்று நினைப்பதைச் சொல்கிறேன். மஹோம்ஸுக்கு எட்டு இடம் முன்னால், இரண்டாவது ஆளாக சிகாகோ அணி எடுத்தவர் மிட்ச்சல் டிருபிஸ்கி. நார்த் கரோலைனாவில் அவர் தொடக்கத்திலிருந்து ஆடியது 13 ஆட்டங்கள் மட்டுமே. அதே டிராஃப்டில் கிளெம்சனுக்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்த டெஷான் வாட்சன் 12-ஆவது ஆளாகத்தான் போனார். டிரே லான்ஸ் கல்லூரியில் தொடக்கத்திலிருந்து ஆடியது 17 ஆட்டங்கள். 2019 சீசனில் 28 டச்டவுன் எறிதல், அதாவது புள்ளி வாங்கித் தந்தவை; எதிரணி பறித்த பந்து ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகு கோவிட் வந்துவிட்டது. 2020-இல் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். மறுபக்கம், பிராக் பர்டி நான்கு ஆண்டுகள் அயோவா ஸ்டேட்டில் ஆடினார். ஸ்கவுட்டுகள் அவரை நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் பார்த்துவிட்டார்கள்.

அதிகம் பார்த்தால் அதிகம் தெரியும் என்றுதான் நினைப்போம். நடப்பது வேறு. பர்டியை அவர்கள் பார்க்கப் பார்க்க, குறைகள் சேர்ந்துகொண்டே போயின: உயரம் போதாது, கை வலிமை சுமார், கடைசி ஆண்டில் பெரிய முன்னேற்றம் இல்லை. லான்ஸைப் பற்றிய குறிப்பேட்டில் பாதிப் பக்கம் காலி. அந்தக் காலிப் பக்கத்தை அவரவர் ஆசையால் நிரப்பிக்கொண்டார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பத்து நிமிடம் பேசிய மாப்பிள்ளை தங்கமாகத் தெரிவான். பக்கத்து வீட்டிலேயே வளர்ந்த பையனுக்கு ஆயிரம் நொட்டை. ஸ்கவுட்டுகளின் பேச்சில் இதற்கு ஒரு நாகரிகமான சொல் உண்டு: ‘சீலிங்’, அதாவது இவன் எவ்வளவு உயரத்துக்குப் போகக்கூடும் என்கிற கூரை. கூரை உயரமாகத் தெரிவது பல நேரம் விளக்கு இல்லாததால்தான்.

இந்த ஆசையைப் பெருக்கிக் கொடுக்க ஏற்பாடுகளும் இருக்கின்றன. நேஷனல், பிளெஸ்டோ என்று இரண்டு பொது ஸ்கவுட்டிங் அமைப்புகள் உண்டு. பெரும்பாலான அணிகள் இரண்டில் ஒன்றுக்குச் சந்தா கட்டுகின்றன. கடைசி ஆண்டுக்குள் நுழையப்போகும் வீரர்களுக்கு, அந்த சீசன் தொடங்கும் முன்பே அவை ஒரு முதல் மதிப்பீடு தந்துவிடும். ஆக, தன் கண்ணால் பார்க்கப் போகும்போதே ஸ்கவுட்டின் மனத்தில் ஓர் எண் உட்கார்ந்திருக்கும். வேலை பயமும் உண்டு. ஆறடி மூன்றங்குலப் பையனை எடுத்துத் தோற்றால் ‘எல்லோரும் எடுத்திருப்பார்கள்’ என்று தப்பிக்கலாம். குள்ளமானவனை எடுத்துத் தோற்றால் வேலையே போகலாம். டிரூ பிரீஸ் ஆறடிதான் என்பதால் 2001-இல் இரண்டாம் சுற்றுக்குப் போனார். ரஸ்ஸல் வில்சன் அதைவிடக் குள்ளம், 2012-இல் மூன்றாம் சுற்று. இரண்டு பேருமே சூப்பர் பௌல் வென்றவர்கள்.

பொருளாதாரத்துக்கான 2017 நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர், கேட் மாஸி என்பவரோடு சேர்ந்து பல ஆண்டு டிராஃப்டுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார். ஒரே வகை ஆட்டக்காரர்களில் அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரை ஒப்பிட்டால், முன்னால் எடுக்கப்பட்டவர் பின்னவரைவிட நன்றாக வந்தது 100-க்கு 52 முறை. நாணயம் சுண்டினால் 50. அந்தக் கூடுதல் இரண்டுக்காகத்தான் ஊர் ஊராக அலைச்சல், இண்டியானாபோலிஸ், வீடியோ, எல்லாம்.

இதைப் படித்துவிட்டு ஸ்கவுட்டுகளுக்கு ஒன்றும் தெரியாது என்று கிளம்பிவிடாதீர்கள். முதல் சுற்றில் போனவர்களையும் ஆறாம் சுற்றில் போனவர்களையும் மொத்தமாக எடுத்துப் பார்த்தால், முதல் சுற்றுக்காரர்கள் தெளிவாகவே மேல். 199-ஆவதாகப் போன பிரேடியின் பெயர் நமக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் போன மற்றவர்கள் பெயர் தெரியாததற்குக் காரணம் அவர்களில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு ஆண்டுகளில் வீட்டுக்குப் போய்விட்டதுதான். தேலர் சொன்னதும் ‘தேர்ந்தெடுக்காதே’ என்பதல்ல. தொலைவிலிருந்து பார்த்தால் மலை எது, மடு எது என்று ஸ்கவுட்டுக்குத் தெரிகிறது. பக்கத்துப் பக்கத்து இரண்டு மலைகளில் எது உயரம் என்று தெரியவில்லை. ஆனால் தெரியும் என்று நம்பி, 12-இலிருந்து மூன்றுக்குத் தாவ எதிர்காலத்தை அடகு வைக்கிறார்கள். தவறு அங்கேதான் விலையுயர்கிறது.

எண்களை நம்பும் ஆட்களும் இதற்கு விலக்கல்ல. வயோமிங் பல்கலைக்கழகத்தின் ஜாஷ் ஆலன் எறிந்த பந்துகளில் 56 சதவீதம்தான் சேர வேண்டிய கைக்குப் போய்ச் சேர்ந்தது. ‘கல்லூரியிலேயே குறி தவறுகிறவனா என்.எஃப்.எல்.-இல் சரியாகப் போகிறான்?’ என்று கணக்குப் பண்டிதர்கள் சிரித்தார்கள். உடம்பையும் கையையும் பார்த்த பழைய பள்ளி ஸ்கவுட்டுகள் அடம்பிடித்தார்கள். 2018-இல் பஃபலோ ஏழாவது ஆளாக எடுத்தது. 2024 சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. அதே 2018-இல் மூன்றாவது ஆளாக நியூ யார்க் ஜெட்ஸுக்குப் போன சாம் டார்னல்ட் அங்கே நாசமாகப் போனார். அணி மாறி அணி மாறி, 2024-இல் மின்னசோட்டாவுக்கு 14 வெற்றி வாங்கித் தந்தார். டார்னல்ட் விஷயத்தில் தப்புச் செய்தது அவரை எடுத்த ஸ்கவுட்டா, எடுத்த பிறகு அவரை வளர்க்கத் தெரியாத அணியா? ஆலன் பஃபலோவுக்குப் போகாமல் ஜெட்ஸுக்குப் போயிருந்தால்? ஒரு விதையை இரண்டு வயலில் ஒரே நேரத்தில் விதைத்துப் பார்க்க வழியில்லை.

பர்டிக்கே திரும்பி வருகிறேன். 2022 செப்டம்பரில் லான்ஸின் கணுக்கால் உடைந்தது. மூத்த குவாட்டர்பேக் ஜிம்மி கரோப்போலோ பொறுப்பை எடுத்துக்கொண்டார். அணி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசி ஆள் பர்டிக்கு பெஞ்சில் இடம். டிசம்பர் 4 அன்று, முதல் கால்பகுதியிலேயே கரோப்போலோவின் பாதம் முறிந்தது. வேறு ஆளில்லை என்பதால் பர்டி உள்ளே போனார், 33–17 என்று ஜெயித்தார். அந்த இரண்டு எலும்புகளில் ஒன்று உடையாமல் இருந்திருந்தால், 262-ஆவது ஆளைப் பற்றிய மதிப்பீடு சரியா தவறா என்று கேட்கவே யாருக்கும் தோன்றியிருக்காது. அன்று எதிரே ஆடி, பர்டியிடம் தோற்றது மயாமி டால்ஃபின்ஸ். லான்ஸுக்காக மூன்று முதல் சுற்று வாய்ப்புகளை வாங்கிக்கொண்ட அதே மயாமி.